இரண்டு டேட்டாபேஸ், ஒரு ரிப்போர்ட்: தரவை எந்த வழியில் கொண்டுபோவது?

ஆப் ஓடும் டேட்டாபேஸின் மேலேயே ரிப்போர்ட்டையும் ஓட்டுகிறோம். முதல் ஆறு மாதம் ஒரு சிக்கலும் இருக்காது. அப்புறம் ஒரு நாள் யாரோ மூன்று வருட விற்பனையை மாதவாரியாகக் கேட்பார்கள். அந்தக் குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) பெரிய டேபிளை முழுக்க வாசிக்க ஆரம்பிக்கும். அதே நேரத்தில் ஆர்டர் போட வந்தவருக்குத் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். ரிப்போர்ட்டுக்குத் தனி டேட்டாபேஸ் வேண்டும் என்பது அன்று மாலைக்குள் முடிவாகிவிடும். ஆனால் தரவு அங்கே எப்படிப் போய்ச் சேரும், எவ்வளவு அடிக்கடி, அதை யார் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் அவ்வளவு சீக்கிரம் முடிவாகாது.

இந்த வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். வழிகளை ஒப்பிடும்போது வழக்கமாக வேகம், செலவு, அமைக்க ஆகும் நாட்கள் ஆகியவற்றைத்தான் பார்ப்பார்கள். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். நான் முதலில் கேட்பது, இந்த வழி கெட்டுப்போனால் எப்படிக் கெடும் என்று. சத்தம் போட்டு நின்றுவிடுமா? எதுவும் சொல்லாமல் தப்பான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்குமா? அல்லது மூல டேட்டாபேஸையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுமா? கீழே சொல்லும் ஒவ்வொரு வழியும் ஏதோ ஒரு நாள் கெடத்தான் போகிறது. எந்தக் கெடுதலை நம்மால் தாங்க முடியும் என்பதிலிருந்து தேர்வைத் தொடங்கினால் மற்றது எளிதாகும்.

அதற்கு முன்பு ரிப்போர்ட் பார்ப்பவரிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும். தரவு எவ்வளவு பழையதாக இருக்கலாம் என்பது முதலாவது. “ரியல் டைம் வேண்டுமா?” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “காலையில் ரிப்போர்ட்டைத் திறக்கும்போது நேற்று நள்ளிரவு வரை உள்ளது இருந்தால் போதுமா?” என்று கேளுங்கள், பெரும்பாலானவர்களுக்குப் போதும். இரண்டாவது, பழைய தரவு மாறுமா என்பது. போன மாத பில்லை இந்த மாதம் திருத்துவார்களா? ரெக்கார்டை உண்மையிலேயே அழிப்பார்களா, அல்லது ‘ரத்து’ என்று குறித்து வைப்பார்களா? இந்தப் பதில் தெரியாமல் கருவியைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும்.

நகலெடுக்காமலே முடியுமா?

மூலம் ஒரே ஒரு டேட்டாபேஸ்தான் என்றால் முதலில் ரீட் ரெப்ளிகாவைப் பாருங்கள்: மூல டேட்டாபேஸைத் தானாகப் பின்தொடரும், படிக்க மட்டுமான துணை டேட்டாபேஸ். அமேசான் ஆர்டிஎஸ், கூகுள் கிளவுட் எஸ்கியூஎல் என்ற கிளவுட் டேட்டாபேஸ் சேவைகள் இரண்டிலும் சில கிளிக்குகளில் உருவாகிவிடும். மைக்ரோசாஃப்ட்டின் அஷ்யூர் எஸ்கியூஎல்லில் பிரீமியம், பிசினஸ் கிரிட்டிக்கல் அடுக்குகளில் இருப்பவர்களுக்குப் படிக்க மட்டுமான ஒரு ரெப்ளிகா கூடுதல் கட்டணமில்லாமலே கிடைக்கிறது. இணைப்புச் சரத்தில், படிக்க மட்டும்தான் வருகிறோம் என்று ஒரு சொல் சேர்த்தால் குவெரி அங்கே போய்விடும். அமேசானின் அரோரா டேட்டாபேஸில் ரெப்ளிகாவும் மூலமும் ஒரே சேமிப்பகத்தைப் பகிர்ந்துகொள்வதால் பின்தங்கல் பெரும்பாலும் 100 மில்லிசெகண்டுக்குள்தான்.

போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸின் ரெப்ளிகாவில் ரிப்போர்ட் ஓட்டுபவர்கள் சீக்கிரமே ஒரு பிழையைச் சந்திப்பார்கள். பத்து நிமிடம் ஓட வேண்டிய குவெரி பாதியில் அறுந்துபோகும். ரெக்கவரியோடு, அதாவது மூலத்தின் மாற்றங்களை ரெப்ளிகா தன்மேல் போட்டுக்கொள்ளும் வேலையோடு, மோதியதால் ரத்து என்று செய்தி வரும். மூலத்தில் வேக்யூம் (தேவையற்ற பழைய வரிசைகளைத் துப்புரவாக்கும் வேலை) அழித்த பழைய வரிசைகளை ரெப்ளிகாவில் உங்கள் குவெரி இன்னும் பார்த்துக்கொண்டிருக்கும். ரெப்ளிகா 30 விநாடி பொறுத்துப் பார்க்கும். அதுதான் இயல்பு மதிப்பு. அதற்கு மேல் போனால் குவெரியை வெட்டிவிடும். அந்தப் பொறுமை நேரத்தைக் கூட்டினால் ரெப்ளிகா பின்தங்கும். ‘நான் இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன், அழிக்காதே’ என்று ரெப்ளிகா மூலத்துக்குச் சொல்லும் அமைப்பை இயக்கினால், செத்த வரிசைகள் மூலத்தில் சேர்ந்து டேபிள் வீங்கும். ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். ரிப்போர்ட்டுக்கென்றே தனி ரெப்ளிகா வைத்து, அது பின்தங்கினாலும் பரவாயில்லை என்று பொறுமை நேரத்தைக் கூட்டிவிடுவதே என் தேர்வு.

ரெப்ளிகா கெட்டால் சத்தம் போட்டுத்தான் கெடும்: குவெரி அறுந்தால் பிழை வரும், பின்தங்கினால் அளவீட்டில் தெரியும். எண்கள் தப்பாக வருவது அபூர்வம். அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன். இதன் எல்லை வேறிடத்தில் இருக்கிறது. அங்கே உங்களுக்கென்று ஒரு டேபிளோ ஒரு கூடுதல் இண்டெக்ஸோ (தேடலை வேகமாக்கும் பட்டியல்) பெரும்பாலும் போட முடியாது. இரண்டு மூலங்களைச் சேர்த்துப் பார்க்கவும் முடியாது. ஆர்டர் ஒரு டேட்டாபேஸில், பணம் வந்த கணக்கு இன்னொன்றில் என்றால் நகலெடுக்க வேண்டியதுதான்.

நகலெடுக்காமல் எட்டிப்பார்க்க ஃபெடரேட்டட் குவெரி என்று ஒரு வழி இருக்கிறது. போஸ்ட்கிரஸில் 2013-இல் வந்த 9.3 பதிப்பிலிருந்தே வெளி டேட்டாபேஸின் டேபிளை உள்ளூர் டேபிள் போல வாசிக்கலாம். கூகுளின் பகுப்பாய்வு டேட்டாபேஸான பிக்குவெரியிலிருந்து கிளவுட் எஸ்கியூஎல்லை இதே மாதிரி கேட்கலாம். சின்ன டேபிள்களுக்கு அருமை. பெரிய டேபிள்கள் இரண்டை இணைக்கப் போனால், வடிகட்ட வேண்டியதை அங்கேயே வடிகட்டாமல் லட்சக்கணக்கான வரிசைகளை நெட்வொர்க் வழியே இழுத்துவந்து இங்கே வடிகட்டும் நாள் கட்டாயம் வரும். அன்று ரிப்போர்ட்டும் நகராது, மூலமும் திணறும். நான் இதை ரிப்போர்ட்டுக்கு நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. நகலெடுக்கும் குழாயாக வைத்துக்கொள்வேன்: ராத்திரி ஒரு முறை வெளி டேபிளிலிருந்து வாசித்து உள்ளூர் டேபிளில் போட்டுவிட்டால், பகலில் அந்தப் பக்கம் போகவே தேவையில்லை.

முழு நகல்: பலர் அவசரப்பட்டுத் தள்ளிவிடும் வழி

தினமும் ராத்திரி எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துப் புதிதாகப் போடுவது. கேட்கும்போதே வீண்வேலை மாதிரி தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 50 எம்பி வேகத்தில் நகர்ந்தால் 50 ஜிபி தரவு சுமார் 17 நிமிடத்தில் போய்ச் சேரும். இண்டெக்ஸ் கட்ட இன்னும் கொஞ்சம் நேரம். ராத்திரியில் அவ்வளவு நேரம் எல்லோரிடமும் இருக்கிறது. அதே வேகத்தில் 1 டிபி என்றால் ஐந்தரை மணி நேரம் ஆகும். அங்கேதான் இந்த வழி திணற ஆரம்பிக்கும். ரிப்போர்ட்டுக்கு வேண்டிய டேபிள்கள் மட்டும் எவ்வளவு பெரியவை என்று அளந்து பார்க்காமலே இதைத் தள்ளிவிடுகிறார்கள். லாக் டேபிள், செஷன் டேபிள், படங்கள் எல்லாவற்றையும் கழித்தால் 300 ஜிபி டேட்டாபேஸில் ரிப்போர்ட்டுக்கு வேண்டியது 20 ஜிபியாக இருக்கலாம்.

இதன் பெரிய வரம், பழைய பிழை தங்காது. நேற்று எதையாவது தவறவிட்டிருந்தாலும் இன்று ராத்திரி தானாகச் சரியாகிவிடும். அழித்தது, திருத்தியது, யாரோ கையால் மாற்றியது என எல்லாம் வந்துவிடும். போஸ்ட்கிரஸின் நகலெடுக்கும் கருவியான பிஜி-டம்ப் ஒரே கணத்து நிலையைத்தான் எடுக்கும். ஆர்டர் டேபிளுக்கும் ஆர்டர் வரிகள் (ஒவ்வொரு ஆர்டரிலும் உள்ள பொருள்கள்) டேபிளுக்கும் நடுவில் முரண்பாடு வராது. டேபிள் டேபிளாகத் தனித்தனிக் குவெரி போட்டு எடுக்கும் ஸ்கிரிப்ட்டுகளில் இந்த ஒருமைப்பாடு இருக்காது. 2:00 மணிக்கு ஆர்டரையும் 2:10-க்கு அதன் வரிகளையும் எடுத்தால், நடுவில் வந்த ஆர்டர்களுக்கு வரிகள் இருக்கும், தலைப்பு இருக்காது.

ஏற்றும் முறையில் ஒரு கவனம் வேண்டும். பழைய டேபிளைக் காலி செய்துவிட்டு நிரப்ப ஆரம்பித்தால், நடுவில் ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) விழுந்துவிட்டால் காலையில் ரிப்போர்ட் வெறுமையாக இருக்கும், அல்லது அதைவிட மோசமாகப் பாதி நிரம்பியிருக்கும். புதிய பெயரில் ஒரு டேபிளை நிரப்புங்கள். இண்டெக்ஸ் கட்டுங்கள். வரிசைகளை எண்ணுங்கள். நேற்றைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். எல்லாம் சரி என்றால் ஒரே டிரான்சாக்‌ஷனில் (எல்லாம் சேர்ந்து நடக்கும், இல்லையேல் எதுவுமே நடக்காது என்ற கட்டு) பழையதன் பெயரை மாற்றி, புதியதற்கு அந்தப் பெயரைக் கொடுங்கள். போஸ்ட்கிரஸில் பெயர் மாற்றமும் டிரான்சாக்‌ஷனுக்குள் அடங்கும் என்பதால், பார்ப்பவருக்கு ஒரு கணம் பழைய தரவு, அடுத்த கணம் புதிய தரவு. பாதி நிலை என்று ஒன்றே கிடையாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வடிவம் உண்டு: தினசரி பேக்கப்பிலிருந்தே ரிப்போர்ட் டேட்டாபேஸை மீட்டெடுப்பது. மூலத்தின் மேல் கூடுதல் சுமையே விழாது. அதோடு உங்கள் பேக்கப் உண்மையில் மீள்கிறதா என்ற சோதனை தினமும் நடந்துவிடுகிறது. அமேசான் ஆர்டிஎஸ்ஸில் இதைச் செய்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். மீட்ட டேட்டாபேஸ் உடனே திறந்துவிடும். ஆனால் டிஸ்க்கின் துண்டுகள் கேட்கக் கேட்கத்தான் பின்னணியிலிருந்து வந்து சேரும். காலையில் முதல் ரிப்போர்ட் மிக மெதுவாக ஓடும். அதற்கு முன்பே முக்கியமான டேபிள்களை ஒரு முறை முழுக்க வாசிக்க வைத்துவிட்டால் சரியாகிவிடும்.

மாறியதை மட்டும் எடுப்பது: நான் ஏமாந்த இடம்

தரவு வளர்ந்தபின் எல்லோரும் வருவது இங்கேதான். டேபிளில் ‘கடைசியாக மாறிய நேரம்’ என்று ஒரு நெடுவரிசை இருக்கும். போன முறை எடுத்ததில் மிகப் பெரிய நேரத்தைக் குறித்துவைப்போம். அதற்கு வாட்டர்மார்க் என்று பெயர். அடுத்த முறை அதற்குப் பிந்தியவற்றை மட்டும் எடுப்போம். எளிமை, வேகம், குறைந்த செலவு. ஆனால் இந்த வழி கெடுவது பிழைச் செய்தி எதுவும் இல்லாமல்.

நான் எழுதிய ஒரு ஜாப் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடியது. பல வாரங்கள் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பவர் வந்து ரிப்போர்ட்டில் 14 ஆர்டர்கள் குறைகின்றன என்றார். நான் முதலில் ரிப்போர்ட்டின் வடிகட்டியைச் சந்தேகப்பட்டேன், அப்புறம் நேர மண்டலத்தை. இரண்டும் சரியாக இருந்தன. அந்த 14 வரிசைகளும் ரிப்போர்ட் டேட்டாபேஸுக்கு வரவே இல்லை.

நடந்தது இதுதான். ஒரு மொத்த இறக்குமதி 10:00 மணிக்குத் தன் டிரான்சாக்‌ஷனைத் தொடங்கியது. போஸ்ட்கிரஸில் ‘இப்போது’ என்று கேட்டால் டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரத்தைத்தான் சொல்லும். அதனால் அதில் செருகிய எல்லா வரிசைகளுக்கும் 10:00 என்றே பதிந்தது. அது முடிந்து கமிட் ஆனது, அதாவது மற்றவர்களுக்குத் தெரியும்படி நிலையானது, 10:07-க்கு. நடுவில் 10:05-க்கு என் ஜாப் ஓடியது. இறக்குமதி வரிசைகள் அதன் கண்ணுக்குத் தெரியாது, இன்னும் கமிட் ஆகவில்லையே. மற்ற ஆர்டர்களைப் பார்த்து 10:04:50 என்று வாட்டர்மார்க்கைக் குறித்துக்கொண்டது. 10:10-க்கு மறுபடி ஓடி, 10:04:50-க்குப் பிந்தியவற்றைக் கேட்டது. இறக்குமதி வரிசைகள் இப்போது கண்ணுக்குத் தெரிகின்றன, ஆனால் அவற்றின் மேல் 10:00 என்று எழுதியிருக்கிறது. அவற்றை இனி எந்த ஓட்டமும் எடுக்காது.

டிரான்சாக்‌ஷன் தொடக்க நேரத்துக்குப் பதில் உண்மையான கடிகார நேரத்தைப் பதிந்தாலும் தீராது. பதியும் நேரத்துக்கும் கமிட் ஆகும் நேரத்துக்கும் இடைவெளி இருந்தே தீரும். தானாக ஏறும் எண்ணை வாட்டர்மார்க்காக வைத்தாலும் இதே கதைதான்: 501-ஆம் எண் 500-க்கு முன்பே கமிட் ஆகலாம்.

மருந்து இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வாட்டர்மார்க்கிலிருந்து கொஞ்சம் பின்னால் போய் எடுங்கள். ஐந்து நிமிட ஜாப்புக்கு ஒரு மணி நேரம் பின்னால் போனாலும் தவறில்லை. ஒரே வரிசை பலமுறை வரும் என்பதால், ஏற்றும் பக்கம் ‘இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர்’ என்ற வகையில் இருக்க வேண்டும். போஸ்ட்கிரஸில் 2016 முதல் அதற்கு வசதி உண்டு. மெர்ஜ் என்ற கட்டளை 2022-இல் 15-ஆம் பதிப்பில் வந்தது. இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், இப்போது திறந்திருக்கும் மிகப் பழைய டிரான்சாக்‌ஷன் எப்போது தொடங்கியது என்று மூலத்திடமே கேட்டு, வாட்டர்மார்க்கை அதற்கு மேல் ஏற்றாமல் இருக்கலாம். எஸ்கியூஎல் சர்வரில் இந்த வேலைக்கென்றே ஏற்பாடு உண்டு: ஒவ்வொரு மாற்றத்திலும் தானாக ஏறும் ரோவெர்ஷன் நெடுவரிசையும், இன்னும் முடியாத டிரான்சாக்‌ஷன்களில் மிகச் சிறிய ரோவெர்ஷனைத் தரும் ஒரு ஃபங்ஷனும்.

அழித்த வரிசைகள் அடுத்த சிக்கல். இல்லாத வரிசைக்கு மாறிய நேரம் எங்கே இருக்கும்? மூலத்தில் அழிக்காமல் குறித்துவைக்கும் வழக்கம் இருந்தால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் வாரம் ஒரு முறை இரு பக்கத்து பிரைமரி கீக்களையும் (வரிசைகளின் தனி அடையாளங்களையும்) எடுத்து ஒப்பிட்டு, மூலத்தில் இல்லாததை இங்கேயும் நீக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்று, ஆட்களைச் சார்ந்தது. அவசரத்தில் யாராவது டேட்டாபேஸில் நேரடியாகத் திருத்தும்போது, மாறிய நேரத்தைத் திருத்த மறந்துவிடுவார்கள். ஆப் கோடில் அந்த நெடுவரிசையை மாற்றுவதை நம்பாமல், டேபிளிலேயே டிரிக்கர் (மாற்றம் நடந்ததும் டேட்டாபேஸே தானாக ஓட்டும் கோடு) வைத்துவிடுவது நல்லது.

எஸ்கியூஎல் சர்வரிலும் அஷ்யூர் எஸ்கியூஎல்லிலும் உள்ள சேஞ்ச் டிராக்கிங் (மாறிய வரிசைகளை டேட்டாபேஸே குறித்துவைக்கும் வசதி) இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவற்றைத் தீர்க்கிறது; அழித்ததையும் சொல்லும். ஆனால் அதன் நினைவு இயல்பாக இரண்டு நாள்தான். வெள்ளி மாலை ஜாப் நின்று திங்கள் காலையில் யாரோ கவனித்தால், நடுவில் நடந்தவற்றில் ஒரு பகுதி அழிந்திருக்கும். கேட்டால் மீதியை மட்டும் தரும், பிழை காட்டாது. அதனால் ஒவ்வொரு ஓட்டத்திலும், நாம் கடைசியாக எடுத்த மாற்றத்தின் வெர்ஷன் எண் இன்னும் செல்லுமா என்று முதலில் கேட்க வேண்டும். செல்லாது என்றால் அந்த டேபிளை முழு நகல் எடுக்க வேண்டும். நினைவுக் காலத்தை ஒரு வாரமாக்கிவிட்டால் நிம்மதி.

லாகிலிருந்து எடுப்பது

டேட்டாபேஸ் தன் டிரான்சாக்‌ஷன் லாகில் எழுதும் ஒவ்வொரு மாற்றத்தையும் அப்படியே வாசித்து மறுபக்கம் சேர்ப்பதைச் சுருக்கமாக சிடிசி என்பார்கள். போஸ்ட்கிரஸில் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து லாஜிக்கல் ரெப்ளிகேஷன் என்ற பெயரில் இது உள்ளேயே இருக்கிறது. காஃப்கா (செய்திகளைத் தொடராகக் கடத்தும் மென்பொருள்) இருக்கும் இடங்களில் டெபீசியம், அமேசானில் டிஎம்எஸ் என்று கருவிகள் உண்டு. எது முதலில் கமிட் ஆனதோ அந்த ஒழுங்கிலேயே மாற்றங்கள் வருவதால், மேலே சொன்ன 10:07 சிக்கல் இங்கே கிடையாது. அழித்ததும் வரும். விநாடிகளில் வரும்.

இவ்வளவு நல்ல வழியை ஏன் முதலில் வைக்கவில்லை என்றால், இது கெடும்போது மூல டேட்டாபேஸையே நிறுத்திவிடக்கூடும். போஸ்ட்கிரஸில் வாசிப்பவருக்கென்று ஒரு ரெப்ளிகேஷன் ஸ்லாட் இருக்கும். வாசிப்பவர் எங்கே நிற்கிறாரோ, அதற்குப் பிந்திய லாகை மூலம் அழிக்காமல் காத்துவைத்திருக்கும். வாசிப்பவர் நின்றுபோனால் லாக் சேர்ந்துகொண்டே போகும். டிஸ்க் நிரம்பினால் ஆப் நின்றுவிடும். ரிப்போர்ட் வேலைக்காக வைத்த ஒன்று ஆர்டர் எடுப்பதையே நிறுத்துகிறது. சோதனைக்காக ஒரு ஸ்லாட்டை உருவாக்கி மறந்துபோனாலே இது நடக்கும். 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பில் ஸ்லாட்டுக்காக வைத்திருக்கும் லாகுக்கு உச்ச வரம்பு போட முடிகிறது; ஆனால் இயல்பில் வரம்பே கிடையாது, நாம்தான் போட வேண்டும். போட்டபின் வாசிப்பவர் மிகவும் பின்தங்கினால் ஸ்லாட் செல்லாததாகும், முழு நகலிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ரிப்போர்ட் ஒரு நாள் தாமதமாவது ஆப் நிற்பதைவிட எவ்வளவோ மேல். தயங்காமல் போடுங்கள்.

அமேசான் ஆர்டிஎஸ்ஸில் மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் நேர் எதிர்த் திசையில் வரும். அங்கே பின்லாகை (மைஎஸ்கியூஎல்லின் மாற்றங்கள் பதியும் லாகை) எத்தனை மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால், முடிந்த வேகத்தில் அழித்துவிடும். வாசிப்பவர் கொஞ்ச நேரம் நின்றால் தொடர் அறுந்துவிடும்.

டேபிளுக்கு பிரைமரி கீ இல்லையென்றால் போஸ்ட்கிரஸில் இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கிறது. வரிசையை அடையாளம் காண எதையும் குறிப்பிடாமல் அந்த டேபிளை வெளியீட்டில் (லாஜிக்கல் ரெப்ளிகேஷன் அனுப்பும் டேபிள்களின் பட்டியலில்) சேர்த்தால், மூலத்தில் அந்த டேபிளின் அப்டேட்டும் டெலீட்டுமே பிழையாகும். டேபிளின் அமைப்பை மாற்றுவதும் தானாக மறுபக்கம் போகாது: மூலத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்தால் இங்கேயும் நாம்தான் சேர்க்க வேண்டும், அதுவும் முதலில் இங்கே. டிஎம்எஸ்ஸில் பெரிய உரைகளுக்கு வரம்பிட்ட முறையில் இயல்பு அளவு 32 கேபி. அதற்கு மேல் உள்ளதை வெட்டிவிட்டு லாகில் ஒரு எச்சரிக்கை மட்டும் எழுதும். உங்கள் டேபிளில் நீளமான ஜேசன் நெடுவரிசை இருந்தால், அதிகபட்ச நீளத்தை முதல் நாளே அளந்துவிடுங்கள்.

விலைக்கு வாங்குவது

ஃபைவ்ட்ரான், ஏர்பைட் மாதிரியான சேவைகள் மேலே சொன்னவற்றையே உங்களுக்காகச் செய்கின்றன. உங்கள் டீமில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், மூலங்களோ எட்டு என்றால் தயங்காமல் வாங்கலாம். கட்டணம் எதை வைத்து என்று மட்டும் கவனியுங்கள். ஃபைவ்ட்ரான் மாதத்தில் எத்தனை தனி வரிசைகள் மாறின என்று எண்ணுகிறது. சின்ன டேபிளாக இருந்தாலும், ராத்திரி ஒரு ஸ்கிரிப்ட் எல்லா வரிசைகளின் ‘கடைசியாகப் பார்த்த நேரம்’ நெடுவரிசையைத் தொட்டுவிட்டுப் போனால், எல்லாம் மாறியவை ஆகிவிடும்.

கிளவுட் நிறுவனங்களே தரும் நேரடி இணைப்புகளும் பெருகிவிட்டன. அரோரா மைஎஸ்கியூஎல்லிலிருந்து அமேசானின் பகுப்பாய்வு டேட்டாபேஸான ரெட்ஷிஃப்ட்டுக்குத் தரவைத் தானாகக் கொண்டுபோகும் ஜீரோ-இடிஎல் 2022-இல் அறிவிப்பாகி 2023 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அஷ்யூர் எஸ்கியூஎல்லிலிருந்து மைக்ரோசாஃப்ட்டின் பகுப்பாய்வுத் தளமான ஃபேப்ரிக்குக்கு மிரரிங் (தானாக நகலெடுக்கும் வசதி) இருக்கிறது. இரண்டு முனையும் ஒரே நிறுவனத்தில் இருந்தால் முதலில் இவற்றைச் சோதித்துப் பார்ப்பேன். பராமரிப்பு வேலை மிகக் குறைவு. ஆனால் இந்த வசதிகளுக்கும் ஆயுள் உண்டு. பல வருடங்களாக டேட்டாபேஸ்களைப் பொருத்தி வைக்கப் பலர் நம்பியிருந்த அஷ்யூரின் எஸ்கியூஎல் டேட்டா சிங்க் 2027 செப்டம்பர் 30-இல் ஓய்வுபெறுகிறது. இன்று புதிதாக ஆரம்பிப்பவர் அதைத் தொட வேண்டாம். அதில் இருப்பவர்கள் மாறும் வேலையை இப்போதே திட்டமிட வேண்டும்.

எந்த வழியானாலும்

இரண்டு டேட்டாபேஸும் ஒரே பிராந்தியத்தில் இருக்கட்டும். ஒரு கிளவுடிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் வெளியேறும் ஒவ்வொரு ஜிபிக்கும் காசு. முழு நகலைத் தினமும் அப்படி அனுப்பினால் மாதக் கடைசியில் பில்லில் நெட்வொர்க் கட்டணம்தான் பெரிதாக நிற்கும். அங்கே மாறியதை மட்டும் எடுக்கும் வழிக்கு மதிப்பு கூடும்.

ரிப்போர்ட்டுக்குத் தேவையில்லாத நெடுவரிசைகளை நகலெடுக்காதீர்கள். தொலைபேசி எண், முகவரி, கடவுச்சொல் ஹாஷ் இவையெல்லாம் விற்பனைக் கூட்டுத்தொகைக்கு எதற்கு? ரிப்போர்ட் டேட்டாபேஸைப் பார்க்கும் ஆட்கள் எப்போதும் மூலத்தைப் பார்ப்பவர்களைவிட அதிகம். வாடிக்கையாளர் தன் விவரத்தை நீக்கச் சொன்னால், எல்லா நகல்களிலும் நீக்க வேண்டிய பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. எடுக்காத தரவைப் பாதுகாக்க வேண்டியதில்லை. போஸ்ட்கிரஸ் 15 முதல் லாஜிக்கல் ரெப்ளிகேஷனிலேயே எந்த நெடுவரிசைகள், எந்த வரிசைகள் என்று சொல்லிவிடலாம். மற்ற வழிகளில் மூலத்தில் ஒரு வியூ (தேர்ந்த நெடுவரிசைகளை மட்டும் காட்டும் மெய்நிகர் டேபிள்) எழுதி, ஜாப்பின் பயனருக்கு அதை மட்டும் படிக்கும் உரிமை கொடுத்தால் போதும்.

ஒவ்வொரு ரிப்போர்ட்டின் மேலும் ‘இந்தத் தேதி, இந்த நேரம் வரையிலான தரவு’ என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த நேரம் ஜாப் ஓடிய நேரமாக இருக்கக் கூடாது. நகலில் உள்ள தரவின் நேரமாக இருக்க வேண்டும். ஜாப் வெற்றிகரமாக ஓடி எதையும் எடுக்காமல் திரும்பும் நாட்களில் இந்த வேறுபாடுதான் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம், தினமும் ஒரு சரிபார்ப்பு. கடந்த 60 நாட்களுக்கு நாள்வாரியாக எத்தனை வரிசைகள், தொகை எவ்வளவு என்று இரு பக்கமும் கேட்டு ஒப்பிடும் ஒரு சின்ன குவெரி. எழுத அரை மணி நேரம் ஆகும். அந்த 14 ஆர்டர்களை இது மறுநாளே பிடித்திருக்கும்.

நான் எதைத் தேர்வேன்

ஒரே மூலம், குவெரிகள் சாதாரணமானவை: ரெப்ளிகா. பல மூலங்கள், ரிப்போர்ட்டுக்கு வேண்டியது சில பத்து ஜிபி, காலைக்குள் வந்தால் போதும்: முழு நகல், பெயர் மாற்றும் முறையில். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பெரும்பாலான சின்ன நிறுவனங்கள் வருடக்கணக்கில் இதிலேயே நிம்மதியாக ஓட்டலாம். ஏதோ இரண்டு டேபிள்கள் மட்டும் பெரிதாக வளர்ந்துவிட்டால், அந்த இரண்டை மட்டும் மாறியதை எடுக்கும் வழிக்கு மாற்றி, மற்றவற்றை முழு நகலிலேயே விட்டுவிடுவேன். அந்த இரண்டையும் வாரக் கடைசியில் ஒரு முறை முழுதாக எடுத்து, வாரத்தில் நழுவியதைச் சரிசெய்வேன். எல்லா டேபிளுக்கும் ஒரே வழிதான் என்று யாரும் விதிக்கவில்லை.

நிமிடங்களில் தரவு வேண்டும் என்று தொழிலே கேட்கும்போது, அதாவது கையிருப்பு எண்ணைப் பார்த்து ஒருவர் அந்த நிமிடமே முடிவெடுக்கிறார் என்னும்போது, சிடிசிக்குப் போவேன். அதைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆள் பெயர் சொல்லும்படி இருக்க வேண்டும். லாகுக்கு உச்ச வரம்பு போட்டிருக்க வேண்டும். ஸ்லாட் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது, டிஸ்க் எவ்வளவு மீதி என்ற இரண்டு அலாரங்களும் அந்த ஆளின் போனுக்குப் போக வேண்டும், ராத்திரியானாலும். ஸ்லாட்டை உருவாக்குவதற்கு முந்தைய நாளே அந்த அலாரங்களை ஒரு முறை வேண்டுமென்றே அடிக்கவைத்துப் பார்த்துவிடுவேன்.